தோற்றுப்போகும் அணிகளைப் பற்றி ஒரு மடல்

மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொழில் திட்டப் போட்டி நடத்தும் பல்கலைக்கழகக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் போட்டியில் பரிசு வாங்குவது நான்கைந்து அணிகள். மற்ற எல்லோரும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். அந்த மற்றவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர்களில் நானும் ஒருத்தி.

என் அண்ணன் சக்கர நாற்காலி பழுதுபார்ப்பவர். கணக்கும் ஆர்டர்களும் என் பொறுப்பு. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகப் போட்டியின் பொதுமக்கள் பிரிவில் இருவருமாகச் சேர்ந்து விண்ணப்பித்தோம். எங்கள் திட்டம் எளிமையானது. சக்கர நாற்காலியைப் பழுதுக்கு விட்டுவிட்டால் அதன் சொந்தக்காரர் அது திரும்பி வரும்வரை கட்டிலைவிட்டு நகர முடியாது. அதனால் வீட்டுக்கே போய்ப் பழுதுபார்ப்போம், முடியாதபோது மாற்று நாற்காலி ஒன்றைக் கொடுத்துவிட்டு எடுத்து வருவோம் என்று எழுதினோம்.

படிவத்தின் முதல் பக்கத்திலேயே 'மொத்தச் சந்தையின் அளவு' என்று ஒரு கட்டம், அதாவது இந்தச் சேவைக்கு எல்லோருமாகச் சேர்ந்து எவ்வளவு செலவழிப்பார்கள் என்ற தொகை. அடுத்தது ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு. எங்களிடம் இருந்ததோ 41 வாடிக்கையாளர்களின் பட்டியல். யாருடைய நாற்காலியில் முன்சக்கர பேரிங் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகும், யாருக்கு பிரேக் அடிக்கடி தளரும் என்று அண்ணன் கைப்பட எழுதிய நோட்டும் இருந்தது. அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு இடம்கூட இல்லை. சந்தை அளவுக் கட்டத்தைக் காலியாக விட்டோம். முதல் சுற்றிலேயே வெளியேறினோம். 'தங்கள் பங்கேற்புக்கு நன்றி' என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது.

அதற்குப் பிறகு, பொதுமக்கள் பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்குத் திட்டம் எழுத உதவி வருகிறேன். திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். ஏதோ ஓர் அறிக்கையிலிருந்து பெரிய தொகை ஒன்றை எடுத்து, 'இந்தச் சந்தையில் வெறும் 1% கிடைத்தாலே போதும்' என்று எழுதுகிற அணிகள் அடுத்த சுற்றுக்குப் போய்விடுகின்றன. அந்த 1% எங்கிருந்து வரும், முதல் பத்துப் பேர் யார், அவர்கள் ஏன் காசு கொடுப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உதிரிபாகத்தை ரொக்கம் கொடுத்து வாங்கி, வேலையை முடித்து, பெரிய நிறுவனத்திடமிருந்து பணம் வர மூன்று மாதம் காத்திருப்பவருக்குத் தன் தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் அதை நடுவர்கள் முன் காட்டும் ஸ்லைடில் போடத் தெரியாது. நீங்கள் மதிப்பெண் கொடுப்பது ஸ்லைடுக்கு.

இதில் மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் செய்கிறார்கள். இந்த வகைப் போட்டியே வகுப்பறைக்குப் பக்கத்தில் பிறந்ததுதான். 1984-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்து எம்.பி.ஏ. மாணவர்கள், சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் வழக்கறிஞர்களைப் போல வாதிட்டுப் பழகும் மாதிரி நீதிமன்றத்தைப் பார்த்து, முதலீட்டாளர் முன் திட்டத்தை வாதிடும் போட்டியாக இதைத் தொடங்கினார்கள். வாதத் திறமைக்கு அதில் முதலிடம் கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் இப்போது நீங்கள் பொதுமக்களையும் அழைக்கிறீர்கள். அழைத்த பிறகு, பழைய அளவுகோலையே அவர்கள் மேலும் வைப்பது சரியா?

அந்த அளவுகோல் மாணவர்களையே சரியாக அளக்கிறதா என்பதும் சந்தேகம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் போட்டியில் 1998-ல் ஓர் அணி இறுதிச் சுற்றுவரை வந்தும் முதல் பரிசு பெறாமல் திரும்பியது. டாம் லெய்ட்டன் என்ற கணிதப் பேராசிரியரும் டேனி லெவின் என்ற அவருடைய மாணவரும் இருந்த அணி அது. இணையத்தில் நெரிசல் இல்லாமல் பக்கங்களைக் கொண்டுசேர்க்கும் அவர்களுடைய யோசனைதான் பின்னால் அக்கமாய் என்ற பெரிய இணைய நிறுவனமானது. நடுவர்கள் முட்டாள்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. கணிப்பது அவ்வளவு கடினம்.

இன்னும் பெரிய சான்று நைஜீரியாவில் இருக்கிறது. 2011-ல் அந்நாட்டு அரசு நடத்திய 'யூவின்' என்ற தொழில் திட்டப் போட்டிக்கு ஏறக்குறைய 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்கு, சராசரியாக ஆளுக்கு 50 ஆயிரம் டாலர் அளவுக்கு நிதி கிடைத்தது. வென்றவர்களில் ஒரு பகுதியினரை அரையிறுதிக்கு வந்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அதனால் நிதி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நிதி பெற்றவர்களின் தொழில்கள் அதிகம் நிலைத்தன, அதிக ஆட்களுக்கு வேலை கொடுத்தன. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அரையிறுதிக்கு வந்தவர்களின் திட்டங்களுக்கு நடுவர்கள் கொடுத்த மதிப்பெண்ணை வைத்து, யாருடைய தொழில் பின்னால் வளரும் என்று சொல்ல முடியவில்லை.

இதை நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யார் வெல்லப்போகிறவர் என்று கண்டுபிடிப்பதில் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. அது உறுதியாகச் செய்ய முடியாத வேலை. உறுதியாகச் செய்ய முடிந்த ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பித்த ஒவ்வொருவரும், விண்ணப்பித்ததற்காகவே தன் தொழிலைக் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொண்டு வெளியே போகும்படி செய்யலாம்.

எப்படி என்று கேட்டால், என் அனுபவத்தையே சொல்கிறேன். தோற்ற பிறகு ஒரு நாள், பரிசளிப்பு விழாவைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் விண்ணப்பத்தைப் படித்த நடுவர் ஒருவர் எங்களை அடையாளம் கண்டு வந்து பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாற்காலி உங்ககிட்ட வந்தா, சராசரியா எத்தனை நாள் இருக்கும்?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ரசீதுகளை எடுத்துக் கணக்குப் போட்டோம். 9 நாள். அதில் 7 நாள் உதிரிபாகத்துக்காக வெறுமனே காத்திருக்கும் நாள். அடிக்கடி போகும் ஆறு பாகங்களை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்தோம். 9 நாள் 3 நாளானது. எட்டு மாற்று நாற்காலிகள் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தோம், மூன்றே போதுமாக இருந்தது. அந்த ஒரு கேள்வி பரிசுத்தொகையில் பாதிக்குச் சமம். ஆனால் அது எங்களுக்குக் கிடைத்தது தற்செயலாக. அன்று மழை பெய்து நாங்கள் போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

நடுவர்கள் ஒவ்வொரு திட்டத்தையும் படிக்கும்போது ஓரத்தில் ஏதாவது குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பைத் தயவுசெய்து அனுப்புங்கள். பாராட்டு வேண்டாம். 'இதை நம்ப முடியவில்லை, ஏனென்றால்...' என்று மூன்று வரி போதும். முதல் சுற்றில் வெளியேறுகிறவர்களுக்கும் அது போக வேண்டும். அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றே சொல்வேன்.

படிவத்தையும் மாற்றுங்கள். இதுவரை யாரிடம் பேசினீர்கள், யார் காசு கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள், மறுத்தவர் என்ன சொன்னார் என்று முதல் பக்கத்தில் கேளுங்கள். சந்தை அளவு கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். இந்தக் கேள்விகள் மாணவர்களுக்கும் நல்லது, வகுப்பைவிட்டு வெளியே போய் நாலு பேரிடம் பேசாமல் அதை நிரப்ப முடியாது. நைஜீரியாவில் முதல் கட்டத் தேர்வில் தேறிய 6,000 பேரை முழுத் திட்டம் எழுதும் முன்பே 4 நாள் பயிற்சிக்கு அழைத்தார்கள். உங்களால் ஒரு சனிக்கிழமையாவது ஒதுக்க முடியும். கணக்கு தெரிந்த மாணவரையும் தொழில் தெரிந்தவரையும் அன்று ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அவர்கள் ஒரே அணியாக வேண்டும் என்பதுகூட இல்லை.

அப்புறம், யோசனை யாருக்குச் சொந்தம் என்பது. விதிமுறையில் இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு மங்கலான வரிதான் இருக்கும். பல நாடுகளில், குறிப்பாக ஐரோப்பிய நாடுகளில், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கருவியின் நுட்பத்தை மேடையில் சொல்லிவிட்டால் அது 'புதியது' என்ற தகுதியையே இழந்துவிடும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. மாணவரிடம் இதைச் சொல்லப் பேராசிரியர் இருக்கிறார். வெளியிலிருந்து வருகிறவருக்கு யார் சொல்வார்கள்? மேடை ஏறுவதற்கு முன் நீங்கள்தான் சொல்ல வேண்டும், புரியும் மொழியில். திட்டம் விண்ணப்பித்தவருக்கே சொந்தம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

இந்த வருடப் போட்டிக்கான விதிமுறைகளை நீங்கள் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். நடுவர்களுக்கு நேரமில்லை, இத்தனை பேருக்கு யார் உட்கார்ந்து குறிப்பு எழுதுவது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நான் வருகிறேன். இத்தனை வருடங்களில் நான் திட்டம் எழுத உதவியவர்களில், தோற்ற பிறகும் தொழிலை நடத்திக்கொண்டிருப்பவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்களிடமும் பேசிவிட்டேன், ஏழு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். நாளையும் இடத்தையும் சொல்லுங்கள், விண்ணப்பங்களைப் பிரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் போட்டியாளர் ஒருத்தி