லண்டனில் மூன்று நாளும் உட்கார வேண்டாம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுவது. வருகிற மார்ச் மாதம் டொரொண்டோவிலிருந்து வந்து 'கன்ட்ரி டு கன்ட்ரி' என்ற, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் விழாவைப் பார்க்கப் போவதாகவும், அதற்காக லண்டன் ஓ2 அரங்கில் மூன்று நாளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க எண்ணியிருப்பதாகவும் தெரிவித்திருந்தாய். நீ வருவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மூன்று நாளும் லண்டனிலேயே இருப்பது உனக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இந்த விழா 2013ஆம் ஆண்டு ஓ2 அரங்கில் தொடங்கியது. முதல் ஆண்டு இரண்டே இரவுகள். டிம் மெக்ராவும் கேரி அண்டர்வுட்டும் ஆளுக்கோர் இரவு நிறைவுக் கச்சேரி செய்தார்கள். அதன் பிறகு அயர்லாந்தின் டப்ளினும் ஸ்காட்லாந்தில் எங்கள் கிளாஸ்கோவும் சேர்ந்து மூன்று நகரங்களின் விழாவாக வளர்ந்தது. இப்போது டப்ளினின் இடத்தில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளும் மூன்று ஊர்களிலும் ஒரே சமயத்தில் விழா நடக்கும். வெள்ளியன்று ஓர் ஊரில் பாடுபவர் சனியன்று அடுத்த ஊரிலும் ஞாயிறன்று மூன்றாம் ஊரிலும் பாடுவார். மேடையும் ஒலி, ஒளி ஏற்பாடுகளும் அந்தந்த ஊரில் அப்படியே நிற்க, பாடகர்களும் வாத்தியக்காரர்களும் மட்டுமே ஊர் மாறுகிறார்கள். கன்ட்ரி இசையின் தலைநகரான அமெரிக்காவின் நாஷ்வில்லிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஓர் இரவுக்காக மட்டும் வருவது யாருக்கும் கட்டுப்படியாகாது; மூன்று இரவு, மூன்று நிறைந்த அரங்குகள் என்றால் பெரிய பெயர்களும் சம்மதிக்கிறார்கள். இந்தக் கணக்கின் நல்ல விளைவு, எந்த ஊரில் இருந்தாலும் அதே பெரிய பெயர்களை நீ கேட்டுவிடலாம் என்பது. ஆகவே பெயர்களுக்காக லண்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

லண்டனுக்கு என்று ஒரு சிறப்பு இல்லாமல் இல்லை. ஓ2 வளாகத்துக்குள் பகல் முழுவதும் சிறு மேடைகளில் இளம் பாடகர்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள். பெரிய அரங்கின் டிக்கெட் இல்லாதவர்களும் நின்று கேட்கலாம். மார்கழி சீசனில் சபாக்களின் மதிய வேளை இலவசக் கச்சேரிகளில் உட்கார்ந்து, ஐந்து ஆண்டு கழித்து எல்லோரும் தேடிப்போகப்போகும் ஒரு குரலை நாம் முதலிலேயே கண்டுபிடித்துவிடுவோமே, அந்தச் சுகம் இங்கும் உண்டு. எனவே லண்டனுக்கு ஒரு நாள் ஒதுக்கு. ஆனால் அந்த நாளில் மாலை வரை விடுதியில் தூங்கிவிட்டுப் பெரிய கச்சேரிக்கு மட்டும் போவதாக இருந்தால் போகவே வேண்டாம்.

பெரிய அரங்குக்குள்ளும் நான் கவனிக்கச் சொல்வது பெரிய மேடையை அல்ல. ஒரு குழு முடித்து அடுத்த குழுவுக்காக மேடையை மாற்றும் இடைவேளையில், கூட்டத்தின் நடுவே உள்ள சிறு மேடைக்குக் கையில் ஒரு கிட்டாருடன் ஒருவர் வந்து சில பாடல்களைப் பாடுவார். பெரும்பாலோர் அந்த நேரத்தில் பியர் வாங்க எழுந்து போவார்கள். நீ எழுந்திருக்காதே. கன்ட்ரி இசையின் உயிர் பாட்டு எழுதுபவரிடம் இருக்கிறது. நாஷ்வில்லில் ஒரு பாடலை எழுதுபவர் ஒருவராகவும், அதைப் பாடிப் புகழ் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கம். கிறிஸ் ஸ்டேப்பிள்டன் பல ஆண்டுகள் பிறருக்கு எழுதிக்கொடுத்தவராகவே அறியப்பட்டிருந்தார். 2015இல் தன் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் உலகம் அவர் குரலைக் கேட்டது. 2016இல் இதே விழாவுக்கு முன்னணியில் இல்லாத பாடகராக வந்தவர், 2019இல் நிறைவுக் கச்சேரி செய்தார். 1982இல் தொடங்கிய நாஷ்வில்லின் புளூபேர்ட் கஃபேயில் எழுதியவர்களே வட்டமாக உட்கார்ந்து, எந்தச் சூழலில் எழுதினோம் என்று சொல்லிவிட்டுப் பாடுவார்கள். விழா நாட்களில் அந்த முறையிலான நிகழ்ச்சி எந்த ஊரில் அறிவிக்கப்பட்டாலும், மற்ற டிக்கெட்டை விட்டுவிட்டாவது அதை எடு.

இனி கிளாஸ்கோ. நான் இந்த ஊர்க்காரியாகிவிட்டதால் பெருமை பேசுகிறேன் என்று நீ சிரிக்கலாம், சிரித்துக்கொள். லண்டன் ரசிகர்கள் மெல்லிய பாடலுக்கு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியோடு இருப்பார்கள். பேச்சும் கூச்சலும் நிறைந்த மதுக்கடைகளில் பாடிப் பழகிய அமெரிக்கர்கள் அதைக் கண்டு வியந்து மேடையிலேயே சொல்வதுண்டு. கிளாஸ்கோ அப்படி அல்ல. ஹைட்ரோ அரங்கில் பாடகர் முதல் வரியைத் தொடங்கினால் இரண்டாம் வரியைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். இங்கே கன்ட்ரி இசை இந்த விழாவோடு வந்ததல்ல. கோவன் சாலையில் 1974 முதல் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' என்று நாஷ்வில்லின் புகழ்பெற்ற மேடையின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு மன்றம் நடந்துவருகிறது. கப்பல் கட்டும் தொழிலாளர்களின் ஊரில் கௌபாய் தொப்பி எப்படி ஒட்டிக்கொண்டது என்று நீ கேட்டால், வேலையையும் குடியையும் வீட்டுத் துயரத்தையும் மறைக்காமல் பாடுகிற பாட்டுக்கு வேறு காரணம் தேவையில்லை என்பேன். (உனக்கு முன்வரிசையில் இருப்பவர் தொப்பியைக் கழற்றமாட்டார் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஓர இருக்கையாகப் பார்த்து எடு.)

பெல்ஃபாஸ்டுக்கு நீ கட்டாயம் போகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்ஃபாஸ்ட் இருக்கும் அல்ஸ்டர் பகுதியிலிருந்து பெருந்திரளாகக் கப்பலேறி அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதிகளில் குடியேறியவர்கள் தங்கள் பிடில் மெட்டுகளையும் கதைப்பாடல்களையும் உடன் கொண்டுபோனார்கள். அங்கே, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையில் உருப்பெற்ற பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் அவற்றுடன் சேர்ந்தது. அந்தக் கலவையைத்தான் 1927இல் டென்னசியின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் முதல் நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். பெல்ஃபாஸ்ட் மேடையில் பிடில் எடுக்கப்படும்போது அந்த மெட்டு தன் பிறந்த ஊருக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் சார்லி பிரைடு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1975 ஜூலையில் மியாமி ஷோபேண்ட் என்ற டப்ளின் இசைக்குழுவினர் அங்கே கச்சேரி முடிந்து டப்ளின் திரும்பும் வழியில், போலிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டு, மூவர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வெளியூர்க் கலைஞர்கள் வட அயர்லாந்தை ஒதுக்கினார்கள். மிசிசிப்பியில் பருத்தி எடுக்கும் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பாடகரான பிரைடு 1976 நவம்பரில் பெல்ஃபாஸ்டின் ரிட்ஸ் திரையரங்கில் வந்து பாடினார். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஊர் முதியவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறார்கள்.

"நம்மைப் போன்றவர்கள் அங்கே இருப்பார்களா?" என்று நீ கேட்டிருந்தாய். குறைவாகத்தான் இருப்பார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மேடையில் இருப்பவர்களைப் பார். கறுப்பின மரபைச் சேர்ந்த டேரியஸ் ரக்கர் 2022இலும் கேன் பிரவுன் 2024இலும் நிறைவுக் கச்சேரி செய்தார்கள். பிரைடுக்குப் பிறகு ஒரு கறுப்பினத் தனிப்பாடகர் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடிக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிடித்தவர் அந்த ரக்கர்தான். இடம் தராமல் இழுத்தடித்த துறை அது என்பதும் உண்மை, அந்த இசையை உண்டாக்கியதில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் உண்மை. என் பக்கத்து இருக்கைக்காரர்கள் இதுவரை என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, எனக்கு யார் பாடுவது பிடிக்கும் என்பதுதான்.

ஆகவே என் யோசனை இது. வெள்ளி லண்டன், சனி கிளாஸ்கோ, ஞாயிறு பெல்ஃபாஸ்ட். ஆனால் பாடகர்கள் எந்த வரிசையில் ஊர் மாறுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள். நீ அவர்கள் போகும் திசையிலேயே போனால் மூன்று இரவும் ஒருவரையே கேட்டுக்கொண்டிருப்பாய். லண்டனிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். ஞாயிறு காலை கெய்ர்ன்ரையன் துறைமுகத்திலிருந்து படகில் பெல்ஃபாஸ்ட் போவோம். கடலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மார்ச் காற்றில் படகு ஆடும் என்பதால் உன் அப்பா விமானத்தில்தான் வருவாராம். 2020இல் தொடக்க நாளுக்கு முந்தின நாள் கொரோனாவால் விழா தள்ளிவைக்கப்பட்டதை நினைவில் வைத்து, திருப்பித் தரக்கூடிய விமான டிக்கெட்டாக எடு.

கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் டிக்கெட்டுகளை நானே எடுத்துவிடுகிறேன். லண்டன் விடுதியை மட்டும் ஓர் இரவாகக் குறைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்.

அன்புடன்,
அம்மா