சார்ட் பேப்பரைக் கேட்காதீர்கள், வட்டமாக நிற்க வையுங்கள்: தில்லித் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

முனிர்க்காவிலிருந்து ஓர் அப்பா எழுதுகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் ஒருநாள் ராத்திரி, கடை அடைக்கிற நேரத்தில், சார்ட் பேப்பரும் ஜிகினாவும் வாங்க ஓடினேன். விடிந்தால் சிலப்பதிகாரத்துக்கு ஆர்ட் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டுமாம். பெரிய சிலம்பாக வரைந்து ஒட்டினாள், அழகாகத்தான் இருந்தது. கண்ணகி சிலம்புக்குள் என்ன பரல் என்று கேட்டேன், தெரியவில்லை. முத்தா மாணிக்கமா என்பதில்தானே பாண்டியன் உயிரே போனது!

2019இல் சிபிஎஸ்இ சொன்னதும், 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வதும், கலை வழியாகவே பாடம் நடக்க வேண்டும் என்றுதான். பாடம் முடிந்த பிறகு ஒட்டுவதற்கு இல்லை. இயல், இசை, நாடகம் மூன்றையும் சேர்த்தே தமிழ் என்ற நமக்கு இது புதுசா என்ன?

சிலப்பதிகாரத்தில் இடைச்சேரிப் பெண்கள் வட்டமாக நின்று ஆடும் ஆய்ச்சியர் குரவையை எடுத்துக்கொள்ளுங்கள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. கெட்ட சகுனம் என்று கலங்கிப்போன மாதரி, கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடையர் குலப் பெண், ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களையே அவர்களுக்குப் பெயராக வைத்து, கைகோத்து ஆட விடுகிறாள். யார் எந்தச் சுரம் என்பதுவரை இளங்கோவடிகளே எழுதி வைத்திருக்கிறார், நாம் புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் இதைச் செய்து பார்த்தோம். தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேர்தான், தாரத்துக்குக் கீழ்வீட்டுப் பீகாரிப் பையன் வந்தான். இரண்டு சுற்று ஆடியதும் அவன் இந்தியில் கேட்டான், "இப்போ கோவலன் எங்கே?" அவனை அதற்குள் வெட்டிவிட்டார்கள் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். கோத்த கையை யாரும் விடவில்லை, ஆட்டம் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கேள்வி எந்த சார்ட்டிலிருந்தும் வந்திருக்காது.

நாற்பது பிள்ளைகள், ஒரே பீரியட், முடிக்க வேண்டிய போர்ஷன், எல்லாம் புரிகிறது. சரி, டேர்முக்கு ஒரு பீரியட் மட்டும் கொடுங்கள். மதிப்பெண்ணும் அங்கேயே, அவர்கள் செய்ததைப் பார்த்துப் போடுங்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெஞ்சுகளை நகர்த்த ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நானும் இன்னும் இரண்டு மூன்று அப்பாக்களும் வருகிறோம்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா