பிடிபடுவோம் என்ற பயமே உயிரைப் பறிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதை ஊசிக்கு அடிமையானவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ள வெளிநாடுகளில் இடம் ஒதுக்கியிருப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், இப்படி உதவினால் தீமைதான் வளரும் என்று அதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். வேலூரில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பணியின் கடைசி ஆண்டில் ஒரு நள்ளிரவு, அவசரப் பிரிவு வாசலில் ஓர் இளைஞனை ஆட்டோவிலிருந்து இறக்கிக் கிடத்திவிட்டு நண்பர்கள் ஓடிவிட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணின் பாவை கடுகளவாகச் சுருங்கியிருந்தது. முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள் வரிசையாக இருந்தன. வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஏற்றியிருக்கிறான். மூச்சுத் திணறத் தொடங்கியும், போலீஸுக்குப் பயந்து நண்பர்கள் அரை மணி நேரம் தயங்கியிருக்கிறார்கள். அவன் பிழைக்கவில்லை. அவன் தாய் கேட்டது ஒன்றுதான்: "கூட இருந்தவங்க கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா?"

கனடாவின் வான்கூவர் நகரில் 2003-இல் 'இன்சைட்' என்ற இத்தகைய மையம் திறக்கப்பட்டதன் நோக்கம், ஊசி போடுபவர் அருகில் மூச்சு நின்றால் மீட்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பதே. அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் மிகைப்போதை மரணங்கள் (அளவுக்கு மீறிப் போதைமருந்து ஏற்றுவதால் வரும் மரணங்கள்) 35 சதவீதம் குறைந்ததாக 2011-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. நகரின் மற்றப் பகுதிகளில் குறைந்தது 9 சதவீதம் மட்டுமே. அதே நாட்டின் ஒன்டாரியோ மாகாணம் பள்ளிகளுக்கு 200 மீட்டருக்குள் இத்தகைய மையங்கள் கூடாது எனப் பின்னர் சட்டம் இயற்றியதும் உண்மைதான். குழந்தைகளை வைத்திருப்பவர்களின் அந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அப்படியொரு மையத்தை வேலூரில் நாளையே திறக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

ஆனால், உதவி செய்தால் தீமை வளரும் என்ற வாதம் நமக்குப் புதிதன்று. சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை 1986-இல் நம் ஊர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. ஆணுறை கொடுத்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அன்றும் பலர் வாதிட்டார்கள். கொடுத்தோம், தொற்று குறைந்தது.

தொற்று பரவாமலிருக்கப் புதிய ஊசி வழங்குவதும், போதை ஊசிக்கு மாற்று மருந்தான புப்ரெனார்ஃபின் மாத்திரையைச் செவிலியரின் கண்ணெதிரே நாக்கின் அடியில் வைப்பதும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டங்களில் ஏற்கெனவே உள்ளவை. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பிள்ளைகள் பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில் இந்த வசதி இருந்தாக வேண்டும். போதைத் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு, போதைப்பொருளைப் பயன்படுத்தியது, சிறிதளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களுக்கான வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவருபவரை வழக்கிலிருந்து காக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தோம். மூச்சடைத்த நண்பனைக் கொண்டுவருபவனுக்கும் அதே பாதுகாப்பை அரசு அளித்து, அதை ஒவ்வொரு அவசரப் பிரிவின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
சைதாப்பேட்டை, வேலூர்.