தீர்ப்பு வந்துவிட்டால் பழைய தப்பு சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க வழக்கு என்றாலே நம் பத்திரிகைகளில் 'குற்றப்பத்திரிகை தாக்கல்' என்று போட்டுவிடுகிறார்கள். இங்கே போலீஸ் தாக்கல் செய்வதும் அதுவும் ஒன்றல்ல. அங்கே மத்திய அரசின் பெரிய வழக்குகளில், சாதாரணக் குடிமக்கள் 16 முதல் 23 பேர் வரை கொண்ட கிராண்ட் ஜூரி என்ற குழு மூடிய அறையில் உட்கார்ந்து அரசு வக்கீல் கொண்டுவரும் சாட்சிகளைக் கேட்கும். 12 பேர் சரி என்றால் குற்றச்சாட்டு உறுதி. உள்ளே நீதிபதி கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலும் நுழைய முடியாது. குற்றம் சாட்டப்படுகிறவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசு வக்கீல் காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 1992-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, அந்த அறைக்குள் தப்பு நடந்திருந்தால் மேல்முறையீட்டில் கேட்கலாமே என்று தோன்றும். பெரும்பாலும் நடக்காது. மெக்கானிக் என்பவரின் வழக்கில் இரண்டு அதிகாரிகளை ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சாட்சி வாங்கியிருக்கிறார்கள். விசாரிக்கப்படும் சாட்சியைத் தவிர வேறு சாட்சி உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. விஷயம் வெளியே வந்ததே விசாரணை தொடங்கிய பிறகுதான். ஆனால் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பிறகு வழக்கை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் தனி ஜூரியே அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டதால் முன்னால் நடந்த தப்பால் பாதிப்பில்லை என்று முடித்துவிட்டது. பூட்டிய அறையில் நடந்ததை ஒருவன் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வான்? எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

அதற்கு ஆறு வாரம் முன்புதான் அதே நீதிமன்றம் ஹில்லரி வழக்கில் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. கலிபோர்னியாவின் கிங்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 1962-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் அவர். அந்தக் கவுண்டியின் கிராண்ட் ஜூரியில் அதுவரை ஒரு கறுப்பினத்தவர்கூட உட்கார்ந்ததில்லை. விசாரணைக்கு முன்பே அவர் ஆட்சேபம் தெரிவித்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் சிறையிலிருந்தே விடாமல் போராடி, 24 ஆண்டு கழித்து, இனப் பாகுபாட்டோடு அமைந்த ஜூரியின் குற்றச்சாட்டை எந்தத் தீர்ப்பாலும் சரிசெய்ய முடியாது என்ற உத்தரவை வாங்கினார். அந்த நியாயம் மெக்கானிக்குக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனி இப்படிச் செய்தி வரும்போது 'கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது' என்றே போடுங்கள். மேல்முறையீடு என்றால், குற்றச்சாட்டைப் பற்றிய ஆட்சேபம் விசாரணைக்கு முன்பே எழுப்பப்பட்டதா என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அங்கே சில வழக்குகள் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்