அம்மாவின் முழங்கால்

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்து உன் அம்மா ஒரு வாரம் மொட்டை மாடியில் தாய் சி என்ற அந்தச் சீனப் பயிற்சியைப் பழகினாள். எட்டாம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. உன்மேல் குறையில்லை என்கிறாள். எனக்குக் கொஞ்சம் உண்டு.

நேற்று அவளைச் செய்யச் சொல்லிப் பார்த்தேன். முழுப் பாரத்தையும் வலது காலில் வைத்துக்கொண்டு இடுப்பை இடப்பக்கம் திருப்புகிறாள். பாதம் ஊன்றிய இடத்திலேயே இருக்கிறது. முழங்கால் மட்டும் உள்ளே மடிகிறது. பாரத்தை எடுத்துவிட்டுப் பாதத்தைத் திருப்பு என்று சொல்ல ஆள் இல்லை. வீடியோவில் அவள் உன்னைப் பார்க்கிறாள், நீ அவளைப் பார்க்கவில்லையே.

ஏட்டி, வேலையை விட்டுவிட்டு சிங்கப்பூரிலேயே வகுப்பு தொடங்கப் போகிறேன் என்கிறாய். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 24 அசைவு வரிசை வந்துவிட்டது, சான்றிதழும் வந்துவிட்டது. சரி. அது 1956-ல் சீன விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகச் சுருக்கியது, ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நீதானே போனில் சொன்னாய்? அந்தக் காலத்துத் தாய் சி ஆசான் யாங் லூச்சான் சீனாவின் சென் கிராமத்தில் வருடக்கணக்காகக் கிடந்து கற்றபிறகுதான் பெய்ஜிங்கில் சொல்லிக்கொடுக்கப் போனார் என்றதும் நீதான்.

என் கதை உனக்குத் தெரியாது. குறுக்குத்துறை ஆற்றுமணலில் சிலம்ப ஆசான் எங்களுக்கு மூன்று மாதம் கம்பையே தரவில்லை. வெறும் காலடிதான். மணலில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்து, "குதிகால் எங்கலே போச்சு?" என்பார். நாலு வரிசை வந்ததும் தெருப்பையன்களைச் சேர்த்துக்கொண்டு நானே ஆசான் ஆகிவிட்டேன். பத்தாம் நாள் ஒருத்தன் சுற்றிய கம்பு பின்னால் நின்றவன் புருவத்தைக் கிழித்துவிட்டது. நான் என் கம்பின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் அம்மா நம் வாசலில் நின்று ஏசியது அடுத்த தெருவரைக்கும் கேட்டது. ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என்னைப் பொடிப்பையன்களோடு காலடிக்கு நிறுத்தினார்.

இன்னும் ஒரு வருடம் உன் ஆசிரியருக்கு உதவியாக இரு. வயதானவர்கள் வரும் காலை வகுப்பைக் கேட்டு வாங்கு. அதுவரை சம்பளத்தை விடாதே. அப்புறம், எதிரெதிரே நின்று கைசேர்த்துத் தள்ளும் பயிற்சி இருக்கிறதே, அதை விட்டுவிடாதே. உன் பாரம் எங்கே நிற்கிறது என்று எதிராளியின் கைக்குத் தெரிந்துவிடும். (நம் தெருவில் செய்தால் சண்டை என்று விலக்கிவிட வருவார்கள்.)

அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. பொங்கலுக்கு நீ வந்து சொல்லிக்கொடுத்தால்தான் இனிமேல் என்கிறாள். வெறுங்காலோடு செய்யலாமா என்று கேட்கச் சொன்னாள். விடியற்காலையில் மாடித் தரை சில்லென்று இருக்கிறதாம்.

அப்பா