என் தேத்தண்ணிக்கு நானே காசு கொடுக்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள காப்பிக்கடையில் காலை எட்டு மணிக்கு நாங்கள் ஏழு பேர் கூடுவோம். கப்பல் பட்டறை, துறைமுகம், பேருந்து, பள்ளிக்கூடக் காவல் என்று ஆளுக்கு ஓரிடத்தில் உழைத்துவிட்டு இப்போது ஓய்வில் இருப்பவர்கள். அதில் ஒருவர் கிரேன் ஓட்டியவர். அவருக்குப் பெயரே கிரேன்காரர்தான். சென்ற ஆண்டு அவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். முதல் வாரம் காய்ச்சல் என்றார். அடுத்து முட்டிவலி. அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. நாங்களும், உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் கழித்து அவரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம்.

ஒருநாள் ஈரச்சந்தையில் மீன்கடை ஓரம் பார்த்தேன். கையில் ஒரு கட்டு கங்கோங் கீரை. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். விடாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "அண்ணே, என் முறை வரும்போது என் கையில காசு இருக்காது. அதான் வர்றதில்லை" என்றார்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்.

நம் ஆட்கள் மேசை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணிக்கடைக்காரர் தட்டோடு வந்து நின்றதும் நான், நீ என்று ஐந்து கை நீளும். ஒருவர் மற்றவரின் கையைத் தட்டிவிடுவார். இன்னொருவர் பத்து வெள்ளி நோட்டைக் கடைக்காரரின் சட்டைப் பையிலேயே திணிப்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஏழு தேத்தண்ணி பத்து வெள்ளியைத் தாண்டும். பிராட்டாவும் சேர்ந்தால் முப்பதைத் தொடும். சம்பளம் வாங்கிய காலத்தில் அது ஒன்றுமில்லை. மாதம் சில நூறு வெள்ளியை வைத்து ஓட்டுகிறவருக்கு அது நான்கு நாள் மதியச் சாப்பாடு. ஒருமுறை கை நீட்டாதவன் மறுமுறை உட்காரக் கூசுவான். அப்படித்தான் ஆண்கள் மேசையிலிருந்து காணாமல் போகிறார்கள். தனிமையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்தத் தனிமையில் ஒரு பங்கு தேத்தண்ணிக் கணக்கில் தொடங்குகிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கிரேன்காரர் கதையில் இன்னொன்றும் இருந்தது. அவரை வீட்டுக்கு அழைத்துப் போய், மனைவி போட்ட காப்பியைக் கொடுத்து, தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்: மாதம் எவ்வளவு வருகிறது? "ஒன்றும் வரவில்லை" என்றார். வங்கியில் இருந்த சேமிப்பை எடுத்து எடுத்துத்தான் செலவு செய்திருக்கிறார். 65 வயதானதும் மத்திய சேம நிதிப் பணம், அதாவது வேலை பார்த்த காலத்தில் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு, தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தார். வரவில்லை என்றதும் தன் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை போலும் என்று முடிவு கட்டிவிட்டார். சேம நிதிக் கழகம் அனுப்பிய கடிதம் மற்றக் கடிதங்களோடு அலமாரியில் கிடந்தது.

65 வயதில் மாதத் தொகையைத் தொடங்கச் சொல்லி நாம்தான் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் 70 வயதில்தான் அது தானாகத் தொடங்கும். தள்ளிப்போடுவதில் தவறில்லை. ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் தரும் சேம நிதி லைஃப் திட்டத்தில் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதத் தொகை 7 விழுக்காடு வரை கூடும். இன்னும் வேலை பார்ப்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் தெரிந்து தள்ளிப்போடுவது வேறு, தெரியாமல் அரைவயிறு சாப்பிடுவது வேறு. அன்றே என் சாப்பாட்டு மேசையில் வைத்து, அரசாங்க இணையச் சேவைகளுக்கான அவருடைய சிங்பாஸ் கணக்கு வழி விண்ணப்பித்தோம். பத்து ஆண்டுகளாக ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பந்து, அரசியல், ஆஸ்பத்திரி எல்லாம் பேசியிருக்கிறோம். இதை ஒருநாள்கூடப் பேசியதில்லை.

அடுத்த வாரம் நான் மேசையில் சொன்னேன்: இனி அவரவர் தேத்தண்ணிக்கு அவரவர் காசு. எங்களில் மூத்தவர், 74 வயது, கடுங்கோபம் கொண்டார். "உன் தண்ணிக்கு நான் காசு கொடுக்கக்கூடாதுன்னா அப்புறம் என்னடா பழக்கம்?" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது. நான் அவருக்கு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் அவருக்கு வேலை. நான் 1958ல் பிறந்தது அந்தக் குடியிருப்பில்தான். சம்பள நாளில் அப்பா கூட்டாளிகள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வருவார். மாதக் கடைசியில் அம்மா பக்கத்து மலையாளி வீட்டுப் பின்கதவைத் தட்டி, முந்தானையில் ஒரு படி அரிசி வாங்கி வருவார். அந்த முந்தானை முடிச்சை நான் இன்னும் மறக்கவில்லை. பிரிட்டிஷார் 1971ல் படையை விலக்கிக்கொண்டபோது தளத்து வேலைகள் போனது எத்தனையோ குடும்பங்களை உலுக்கியது. அப்பாவிடம் வாங்கிக் குடித்தவர்களிடமும் அன்று கொடுக்க ஒன்றுமில்லை.

மூத்தவர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அவருடைய பிறந்தநாள் அன்று மட்டும் எல்லாருக்கும் அவர்தான் கொடுப்பார். சரி என்றோம். கிரேன்காரர் இப்போது தினமும் வருகிறார். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், ஒரு பிராட்டா, தன் சில்லறையைத் தானே எண்ணி வைக்கிறார்.

காசைப் பற்றி வாய் திறந்ததும் எங்கள் மேசையில் என்னென்னவோ வெளியே வந்தது. ஒருவர், உயில் எழுதிவிட்டேன், சேம நிதியும் அதன்படி பிள்ளைகளுக்குப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். போகாது. சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று கழகத்திடம் தனியாக நியமனம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பணம் பொது அறங்காவலர் என்ற அரசாங்க அலுவலகத்தின் வழியாகத்தான் குடும்பத்துக்குப் போகும். திருமணம் செய்தால் அதற்கு முன் செய்த நியமனம் செல்லாது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. மனைவியை இழந்து மறுமணம் செய்த ஒருவர் அன்றே வீட்டுக்கு ஓடினார். இன்னொருவர் துப்புரவு வேலை பார்த்தவர். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் சில்வர் சப்போர்ட் தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கணக்குக்கு வருவதை எங்களிடம் மறைத்து வைத்திருந்தார். அதைப் பிச்சை என்று நினைத்திருக்கிறார். ஆயுள் முழுவதும் குறைந்த சம்பளத்துக்கு நாட்டின் நடைபாதையைக் கூட்டியவருக்கு அது உரிமை என்று மூத்தவரே எழுந்து நின்று சொன்னார். மோசடி அழைப்பு வந்தால் முதலில் மேசையில் சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைக்க வேண்டும் என்பதும் எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. வெட்கப்படாமல் சொல்ல நாலு பேர் இருந்தால் பாதிப் பணம் தப்பிக்கும்.

மேசையில் ஒன்றை மட்டும் தடை செய்திருக்கிறோம், கடன். அதற்குக் காரணம் நான். சில ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு 2,000 வெள்ளி கொடுத்தேன். திருப்பித் தர முடியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனாலும் அவர் என்னைக் கண்டால் மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் ஏறிப் போய்விடுவார். முட்டி தேய்ந்த மனிதர் ஐந்து மாடி ஏறுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்தப் பணம் போனதை நான் மறந்துவிட்டேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் போனதை மறக்க முடியவில்லை.

மொய்யைப் பற்றியும் எழுத வேண்டும். ஆவணியிலும் தையிலும் பத்திரிகை நாலைந்து சேர்ந்து வரும். ஹோட்டலில் விருந்து என்றால் ஓர் இலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்து உறையில் வைக்க வேண்டும் என்ற வழக்கம் வந்துவிட்டது. அதற்குப் பயந்து திருமணங்களுக்கே போகாத முதியவர்களை எனக்குத் தெரியும். சொந்தபந்தம் ஒன்றுகூடும் இடமே அதுதான். அங்கேயும் போகாவிட்டால் அவர்கள் யாரைப் பார்ப்பார்கள்? என் இளைய மகள் திருமணத்துக்கு, ஓய்வுபெற்ற நண்பர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய், "உறை கொண்டு வந்தால் நான் வாங்க மாட்டேன், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாரும் வந்தார்கள். ஒருவர் தன் வீட்டு நடைபாதையில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைச் சின்னத் தொட்டியோடு தூக்கி வந்தார். மகள் அதைத் தன் புது வீட்டில் வைத்திருக்கிறாள்.

கடைசியாக உங்களிடமும் நம் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். முதியவர்களுக்கான துடிப்புடன் மூப்படைதல் நிலையங்களில் உடற்பயிற்சியிலிருந்து கைவேலை வரை எத்தனையோ நடக்கின்றன. ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கிறது. நூலகங்களில் வாசகர் கூட்டம் நடக்கிறது. அறிவிப்புகளில் "அனைவரும் வருக" என்று இருக்கிறது. கட்டணம் உண்டா, சாப்பாடு உண்டா, நன்கொடை எதிர்பார்க்கிறார்களா என்பது பல சமயம் இருப்பதில்லை. கையில் காசு குறைவாக உள்ளவர் தொலைபேசியில் அழைத்து அதைக் கேட்க மாட்டார். பேசாமல் வீட்டில் இருந்துவிடுவார். இலவசம் என்றால் இலவசம் என்று போடுங்கள். ஐந்து வெள்ளி என்றால் ஐந்து வெள்ளி என்று போடுங்கள். கிரேன்காரர் தினமும் உங்கள் நாளிதழை மேசையில் விரித்து நிகழ்ச்சி அறிவிப்புகள் வரும் பகுதியைத்தான் முதலில் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்