அலைச்சல் இல்லாத வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் படிப்பைப் பற்றி வந்த கட்டுரையில், ‘ஏசி அறையில் அலைச்சலின்றிச் செய்யக்கூடிய, குடும்பப் பெண்களுக்கு மிகவும் ஏற்ற ஆராய்ச்சிப் பணி’ என்று ஒரு வரி இருந்தது. செல் உயிரியல் ஆய்வகத்திலேயே தலை நரைத்து ஓய்வுபெற்ற எனக்கு, அதைப் படித்த பிறகு பத்திரிகையில் வேறு எதுவும் ஓடவில்லை.

நாங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கரியமில வாயுவில் வளர்பவை. அவற்றுக்கு ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஊட்டநீரை மாற்றியாக வேண்டும். சில நாள் காலையில், செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்தால், முந்தின நாள் இளஞ்சிவப்பாக இருந்த ஊட்டநீர் மஞ்சளாகிக் கலங்கிக் கிடக்கும். பாக்டீரியா புகுந்துவிட்டது என்பது மைக்ராஸ்கோப்பில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும். பல வார உழைப்பைப் பிளீச்சிங் கரைசலில் கொட்டி அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் மகளுக்குக் காது குத்திய அன்றுகூட, பந்தி முடியும் முன்பே பட்டுப்புடவையோடு பஸ் ஏறி ஆய்வகத்துக்கு ஓடினேன். அலைச்சல் இல்லை என்று எழுதியவர் ஒரு வாரம் எங்களோடு இருந்து பார்த்திருக்கலாம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அப்போது மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு டீசலும் வந்து சேராமல், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்த புற்றுநோய்த் திசு மாதிரிகள் எல்லாம் உருகிவிட்டன. உள்ளிருக்கும், மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ சிதைந்தால் சிதைந்ததுதான். மறுபடி உறைய வைத்துப் பயனில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்பு, பயத்திலும் வலியிலும் இருந்த நோயாளிகள் கையெழுத்திட்டுக் கொடுத்தவை அவை. அவர்களில் சிலர் அதற்குள் உயிரோடு இல்லை. திரும்ப யாரிடம் போய்க் கேட்பது?

‘கைநிறைய உதவித்தொகை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்பது சரி. அது மாதம் தவறாமல் வருகிறதா என்று எந்த ஆய்வு மாணவரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? என் மாணவி ஒருத்தி வாடகைக்கு வளையலை அடகு வைத்தாள். நிலுவை மொத்தமாக வந்து சேர்ந்தபோது பாதி, கடனுக்கும் வட்டிக்குமே போயிற்று. பிஎச்டி முடித்த பிறகும் மூன்றாண்டு ப்ராஜெக்ட், அது முடிந்தால் இன்னொன்று என்றே காலம் ஓடும். நிரந்தர வேலைக்கு விளம்பரம் வரும்போது வயது வரம்பு தாண்டியிருக்கும். இடையில் பிரசவமும் வந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு நேர்காணலில் என்னிடம், ‘இந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டார்கள். கைக்குழந்தையோடு இருந்தேன் என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள். குடும்பப் பெண்களுக்கு ஏற்ற வேலை என்கிறது தங்கள் கட்டுரை.

2009-இல் வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரிபோசோம் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றபோது, அவர் சிதம்பரத்தில் பிறந்ததை நாம் எல்லோரும் கொண்டாடினோம். நல்லதுதான். ஆனால் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் பற்றிய ஆய்வில் உலகம் அறிந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் நம் சென்னையிலேயே, ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1931-இல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1984-இல் இறக்கும்வரை, மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகக் கள ஆய்வகத்தில் பணியாற்றினார். அவரைப் பற்றி முன்பொருமுறை எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று பதில் வந்தது. நெடுநாள் வாசகி என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இதைப் பொறுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. எங்கள் அடுக்ககத்தில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் தாயார் தங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவந்து, ‘கல்யாணத்துக்குப் பிறகும் தொந்தரவில்லாத வேலையாமே, உண்மையா?’ என்று கேட்டார். அந்தப் பெண் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். செல் ஒன்று இரண்டாகப் பிரிவதைத் தன் கண்ணால் பார்க்கும் சந்தோஷம் அவளுக்கும் கிடைக்கட்டும். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு வரட்டும்.

தாங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கூடவே, இந்த உதவித்தொகைக்கான தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் ஆண்டுக்கு இருமுறை நடப்பதையும், உதவித்தொகை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கிடைக்காது என்பதையும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இத்தகைய கட்டுரைகளோடு, நீலநிறத் தண்ணீர்க் குடுவையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் பெண்ணின் படத்தையும் இனிமேல் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செல் உயிரியல் ஆய்வாளர்,
வேளச்சேரி, சென்னை